குஞ்சு லாரி வருவதற்குள்

மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டு கம்பைலர் மறுபடியும் படுத்துக்கொண்டது.

தாரிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளி சென்னகேசவனை நச்சரித்து, ஆபீஸிலேயே பெரிய மெமரி உள்ள புதுக் கம்ப்யூட்டரைப் போன மாதம்தான் வாங்கியிருந்தான். இதுவே போதாது என்றால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

அவர் கிடக்கட்டும், சத்தியமங்கலத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்தவர் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் தம்பிதுரை. அவருடைய புது ஷெட்டில் சூட்டையும் காற்றையும் கவனிக்கும் பெட்டிக்கு தாரிக்தான் புரோகிராம் எழுதியிருந்தான். கம்பைலர் அதைப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்தால்தான் அங்கே ஹீட்டர் எரியும், ஃபேன் சுற்றும். சாயங்காலம் குஞ்சு லாரி வந்துவிடும்.

"ஏனுங் தம்பி, ஆயிருங்களா?"

"ஆயிருங்க. இன்னிக்கு ஒண்ணு அது, இல்லீன்னா நானுங்க."

திறந்து கிடந்ததையெல்லாம் என்னவென்றுகூடப் பார்க்காமல் மூடித் தள்ளினான். அப்படியும் போதவில்லை.

கணக்குப் பார்க்கும் புவனா வந்து நின்றாள். காலையில் அவளுடைய பிரிண்டர் மக்கர் பண்ணியபோது, தாரிக் எழுந்துகூடப் போகாமல், இங்கிருந்தே அவள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து சரிசெய்து கொடுத்திருந்தான்.

"தம்பி, ஒண்ணு சொல்லோணுமுங்க."

"அப்புறம் சொல்லுங்கக்கா."

அவள் முகம் கோணாமல் திரும்பிப் போய், கையாலேயே பில் எழுத உட்கார்ந்தாள். நல்ல மனுஷி.

அடுத்து, எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக விழுங்காமல் ஒவ்வொன்றாகத் தின்னும்படி கம்பைலருக்குக் கட்டளையிட்டான். அது ஆற அமரத் தின்று, தம்பிதுரை ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு, மெமரி போதவில்லை என்றது. இதற்குள் லாரி பெருந்துறையிலிருந்து கிளம்பிவிட்டதாம்.

சரி, கேட்கிறதைக் கொடுத்துவிடுவோம் என்று முடிவுகட்டினான். முதலாளி அறையில் இருந்த கம்ப்யூட்டரைத் திறந்து மெமரியைப் பிடுங்கித் தன்னுடையதில் மாட்டினான். அணைத்து எழுப்பினாலும் விட்ட இடத்திலேயே எல்லாம் திறந்து நிற்கும்படி அவன் முன்பே ஏற்பாடு செய்து வைத்திருந்தான். திறந்து நின்றது. ஆபீஸில் எந்தக் கம்ப்யூட்டரில் பார்த்தாலும் இருக்கிற அதே கம்பைலர், அதே புரோகிராம், பின்னணியில் மாலையும் கழுத்துமாய்ச் சிரிக்கும் அதே முதலாளி படம். ஆனால் புது மெமரி கணக்கிலேயே வரவில்லை. பழையதிலும் பாதியைக் காணோம்.

விற்ற கடைக்காரரை போனில் பிடித்து ஒரு பாட்டம் திட்டினான். ரோஷக்காரரான அவர், நேரிலேயே வந்து காட்டுகிறேன் என்று வைத்துவிட்டார்.

புவனா மறுபடி வந்தாள். "இருங்கக்கா, கும்பிட்டுக் கேக்கறேன்" என்றான் தாரிக். அதற்குமேல் ஒரு மனுஷி எப்படிப் பேசுவாள்?

புவனாவுடையது பழசு, அதன் மெமரி இதற்குச் சேராது; மிச்சமிருந்தது வாசலோரத்துக் கம்ப்யூட்டர். அதன் மெமரியையும் உருவி மாட்டினான். அப்போதும் போதவில்லை. ஆனால் விரல் வைத்தால் திறக்கும் ஆபீஸ் கதவு அந்தக் கம்ப்யூட்டரை நம்பித்தான் இருந்தது என்பது, கடைக்காரர் வெளியே வந்து நின்று தட்டியபோதுதான் தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் உள்ளே, வெளியே இருந்தவர் வெளியே.

தம்பிதுரையின் போன் அடித்தது. லாரி திருப்பூரைத் தாண்டிவிட்டது.

"பச்சப்புள்ளைங்க மாதிரிங்க தம்பி. சூடு இல்லீன்னா ராத்திரி தாங்காதுங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது தாரிக்குக்கு. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடுவதாக இல்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, இனி எதைக் கழற்றலாம் என்று சுற்றும் முற்றும் பார்த்தான்.

புவனா தன் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். இந்த முறை அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்:

"இதக் குடிச்சுப்போட்டு எந்திரிங்க தம்பி. பிரிண்டர் காலையிலயே சரியாப் போச்சுங்க; இன்னும் என்ற கம்ப்யூட்டருக்குள்ளயே உக்காந்துட்டு நாள் பூரா நீங்க படற பாட்டை ஸ்கிரீன்ல பாக்கப் பாக்க எனக்கே சங்கட்டமா இருக்குதுங்க."