ராணி வீட்டுக் குழாய்

"ராணி பாடற பாட்டுல வாளி எதுக்கு வருது?" என்று நாடக முதலாளி கேட்டதும் கவிராயர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"அது சும்மா இட்டு நிரப்பினது சார். ஒத்திகைக்காக. நிஜ வரி நாளைக்கு வந்துடும்."

"உங்க நாளைக்கு எப்படின்னு எனக்குத் தெரியும். போன ரெண்டு நாடகமும் பாட்டாலதான் படுத்துச்சு. இதுவும் படுத்தா, அடுத்ததுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

இசை நாடகங்களுக்குப் பாட்டெழுதுகிறவர் என்பதால் அரங்கத்தில் அவருக்குக் கவிராயர் என்று பெயர். ஆரம்ப காலத்தில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதிய பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. பேர் வந்ததும் வீட்டுத் தொந்தரவு வேண்டாமென்று தனியாக ஓர் அறை எடுத்து, கடைசி இரண்டு நாடகங்களுக்கும் அங்கே அமைதியாக எழுதினார். அந்தப் பாட்டுகளும் அமைதியாகவே போய்ச் சேர்ந்தன. அதனால் இந்த முறை மறுபடியும் வீடு.

போருக்குப் புறப்படும் அரசனை ராணி வழியனுப்பும் பாட்டு. மெட்டு வந்துவிட்டது, சொல் வரவில்லை. மெட்டின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கதவுக்கு வெளியே மனைவி கத்தினாள்.

"குழாய் ஒழுகுது கேக்கலையா, கூப்பிடறேன் கேக்கலையா. வாளி நிறைஞ்சு வழியுது, வந்து பாக்க நேரமில்லையா. நாளைக்கு நாளைக்குன்னு என் நாளெல்லாம் ஒழுகிப் போச்சே."

எரிச்சலில் அதையே எழுதி, கடைசியில் 'அரசே' என்று ஒரு சொல்லைச் சேர்த்து ஒத்திகைக்கு அனுப்பிவிட்டார். திட்டுகூட மெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. மெட்டு அப்பேர்ப்பட்டது என்று நினைத்துக்கொண்டார்.

முதலாளி மிரட்டிய மறுநாள் நிஜ வரிகளோடு ஓடினார். ராணி வேஷக்காரி பாடிப் பார்த்தாள்.

"பிரிவென்னும் பெருந்தீயில் வாளி நிறைஞ்சு வழியுது..."

"தீயை அணைக்க ஆகும்," என்றார் டிரம்காரர்.

"பழசு வாயில ஒட்டிக்கிச்சு சார். புதுசு நிக்கவே மாட்டேங்குது," என்றாள் அவள், அழாத குறையாக.

கவிராயர் புது வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி அரசனின் கேடயத்துக்கு உள்பக்கம் ஒட்டினார். அரசன் அதை ராணி பக்கம் திருப்பிப் பிடித்தால் தீர்ந்தது.

"கண்ணாடி போடாம எனக்கு எதுவும் தெரியாதே சார்."

மூக்குக்கண்ணாடி போட்ட ராணியை முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார். கவிராயர் டிரம்காரரிடம் போய்க் கெஞ்சினார். "அவ குழாய்னு வாயைத் திறந்ததும் ஓங்கி அடிங்கண்ணே. ஒரு வார்த்தை வெளியில கேக்கக் கூடாது."

அரங்கேற்றத்தன்று அவர் ஓங்கித்தான் அடித்தார். தன் குரல் எடுபடவில்லையோ என்று பயந்த ராணி, அதைவிட ஓங்கிப் பாடினாள். குழாய் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மேடைக்குப் பக்கத்துத் திரைமறைவில் கவிராயர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சிரிப்புதான் வந்தது. முன்வரிசையில் ஓர் அம்மாள் பக்கத்திலிருந்த கணவரை இடித்து, "அரண்மனையிலயும் இதே கதைதானா," என்றாள். சிரிப்பு இன்னும் பரவியது. ஆனால் நாளெல்லாம் ஒழுகிப்போன வரி வந்ததும் அரங்கமே அடங்கிவிட்டது. டிரம்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். போருக்குப் போக வேண்டிய அரசன் போகாமல் நின்றான். பிறகு எழுந்த கைதட்டலில் ராணி அதே பாட்டை இன்னும் இரண்டு தடவை பாட வேண்டியதாயிற்று.

முதலாளி ஓடிவந்து கட்டிக்கொண்டார். "எங்கய்யா வச்சிருந்தீங்க இதையெல்லாம்? அடுத்த நாடகமும் உங்களுக்குத்தான்." அங்கேயே புது மெட்டின் ஒலிப்பதிவைக் கையில் கொடுத்துவிட்டார்.

பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார். "ராணியைக் குழாய் பத்திப் பாட வைக்கணும்னு எப்படி சார் தோணுச்சு?"

"பல வருஷ உழைப்பு," என்றார் கவிராயர். "முக்கியமா அந்த 'அரசே'. அதுக்குத்தான் ரொம்ப யோசிச்சேன்."

ஆனாலும் அவர் நன்றி கெட்டவர் அல்ல. பாவம், மனைவி இத்தனை நாள் வாளியைத் தூக்கி அல்லாடியிருக்கிறாள் என்று மனசு உருகியது. மறுநாள் காலையில் தெருக்கோடிப் பிளம்பரைத் தானே போய்க் கையோடு அழைத்துவந்தார்.

"இப்ப இவர் எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"நீ ஒண்ணும் பேசாதே. உன் கஷ்டத்தை இன்னிக்கே தீர்த்துடறேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பிளம்பர் பின்னாலேயே போனார். தன் வீட்டுக் குழாய் எந்தச் சுவரில் இருக்கிறது என்றே தெரியாத கவிராயர், அறையில் உட்கார்ந்து புது மெட்டை ஓடவிட்டார். இரண்டாவது சுற்றிலேயே உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஜன்னல் சாத்த மாட்டேங்குது, சாமத்துக்கும் தட்டுது. யாரு வந்து நிக்கறான்னு பாக்கச் சொல்லிக் காத்து வந்து கத்துது."

கவிராயர் துள்ளி எழுந்து பேனாவைத் தேடினார். நமக்கு வாய்க்கிற மெட்டெல்லாம் அப்பேர்ப்பட்டதுதான் என்று பூரித்துப்போனார்.

அப்போது பிளம்பர் ஈரமில்லாத கையோடு வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"குழாயெல்லாம் போன வருஷமே அம்மா சொல்லி நான்தான் புதுசா மாட்டினேன் சார், ஒரு சொட்டு ஒழுகலை, ஜன்னலும் நல்லாத்தான் சாத்துது."