ஊரே சரி என்றாலும் ஒப்புக்கொள்ளாதவர்

இந்தப் பூமியில் 'சரி' என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமல் அறுபது வயதைத் தொட்ட மனிதர் ஒருவர் உண்டு. பர்கூர்ப் பக்கத்தில் மாட்டுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். ஊரில் அவர் பெயர் 'ஆட்சேபணை'.

அந்தப் பெயர் வந்த கதை இது. ஒருமுறை ஊருக்கு வந்த அதிகாரி ஏதோ தீர்மானத்தைப் படித்துவிட்டு, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டிருக்கிறார். கூட்டத்தில் இவர் மட்டும் எழுந்து நின்றார்.

"இருக்குதுங்க."

"என்ன ஆட்சேபணை?"

"அது இன்னும் முடிவாகல. மொதல்ல இருக்குதுன்னு எழுதிக்குங்க."

தமிழில் 'ஒப்புக்கமாட்டேன்', தெலுங்கில் 'ஒப்புக்கோனு', கன்னடத்தில் 'ஒப்பல்ல'. மூன்று மொழியிலும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு அந்த ஒரு சொல்தான். ஒரு கல்யாணத்தில், குறித்த நேரத்துக்குச் சரியாகத் தாலி கட்டியதற்கே சண்டைக்குப் போனவர். "இவ்ளோ அவசரமா கட்டறாங்கன்னா, மாப்பிள்ளைகிட்ட ஏதோ கோளாறு இருக்குது!"

அறுபதுகளின் கடைசியில் அந்த ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு நான் டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன். பள்ளி ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்கப் பர்கூருக்கு நடக்க வேண்டும். பையன்களில் சிலர் நடந்தார்கள். பெண்பிள்ளைகள் மறுநாளே களைக்கொத்தோடு காட்டுக்குப் போனார்கள். நன்றாகக் கணக்குப் போட்ட பிள்ளைகள்.

ஊர் மூன்று அறை கட்டித் தந்தால் எட்டாம் வகுப்பு வரை திறக்கலாம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அறை கட்டுவதற்கு வீட்டு வரியோடு பள்ளிக்கூட வரியும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊரார் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

மாந்தோப்புக்காரர் ஒருவர் எதிர்த்தார். "எல்லாரும் எட்டாவது படிச்சிட்டா மாங்கா பறிக்க எவன் வருவான்?" ஆண்களில் பாதிப்பேர் அவர் பக்கம். இதில் ஆட்சேபணையும் சேர்ந்தால் கதை முடிந்தது. முந்தின நாள் லாடம் அடிக்கும் இடத்துக்கே போனேன்.

"ஐயா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காம இருங்க."

கவிழ்த்துப் போட்டிருந்த மாட்டின் காலை விடாமலே சொன்னார்: "ஒப்புக்கமாட்டேன், டீச்சரம்மா."

மறுநாள் புங்கமரத்தடியில் வாய்க்குத் துணி கட்டி நடுவில் ஓட்டை போட்ட ஒரு பானை. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஓர் அவரைக்கொட்டை. பள்ளி வேண்டும் என்றால் புளியங்கொட்டையைப் பானையில் போட வேண்டும், வேண்டாம் என்றால் அவரைக்கொட்டையை. மற்றது அவரவர் கையோடு.

"ஆரம்பிக்கலாமா? யாருக்காவது ஆட்சேபணை..." தலைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் ஆள் எழுந்தாயிற்று.

"இருக்குது. பாதி ஊரக் காணமே?"

"எல்லாரும் வந்தாச்சே!"

"பொம்பளைங்க எங்க?"

தோப்புக்காரர் சீறினார். "வூட்டுக்கு ஒரு ஓட்டுய்யா!"

"கோட்டைக்கு ஆள் அனுப்ப அவங்க விரல்ல மை வெச்சீங்களே, மூணு ரூம்பு கட்ட மட்டும் வேணாமா? எங்க வூட்ல என் பேச்ச எம் பொண்டாட்டி கேட்டதே இல்ல. அவளுக்கும் சேத்து நான் எப்பிடி ஓட்டுப் போடறது? ஒப்புக்கமாட்டேன்!"

கூட்டம் சிரித்தது. சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. கடலைக் காட்டுக்கு ஆள் ஓடியது. பெண்கள் மண் ஒட்டிய காலோடு வந்து வரிசையில் நின்றார்கள். புளியங்கொட்டையைப் பானையில் போட்டார்கள். மீந்த அவரைக்கொட்டையை வீணாக்குவானேன் என்று குழம்புக்காக முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

பானையைக் கவிழ்த்தபோது கறுப்பாக ஒரு குவியல். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அவரை.

தோப்புக்காரர் தன் மனைவியின் முந்தானை முடிச்சைப் பார்த்துவிட்டார். "நீயுமா?"

"நம்ம பாப்பா அஞ்சாவது முடிக்கப் போறா. பர்கூருக்கு நீங்க தூக்கிக்கினு போவீங்களா?"

மறுவாரம் அறைகளுக்குத் தோப்புக்காரர் வண்டியில்தான் செங்கல் வந்தது.

ஆறாம் வகுப்பின் முதல் நாள், ஏழு பெண்பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். வருகைப் பதிவில் அந்த ஏழு பெயரையும் இரண்டு முறை வாசித்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆட்சேபணை, சுண்ணாம்பு சரியாக அடிக்கவில்லை என்று கொத்தனாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சில வருடங்கள் கழித்து எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கிருஷ்ணகிரி அலுவலகத்தில் கல்வி அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டினார். யாரையோ எழுதச் சொல்லி, கீழே பெருவிரல் ரேகை வைத்த ஆட்சேபணை மனு. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: 'டீச்சரம்மா போகக் கூடாது.'

"இதெல்லாம் ஒரு காரணமாம்மா? போதாதே!" என்று அதிகாரி சிரித்தார்.

எனக்குப் போதும் சார் என்று சொல்லி, அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.