சிவப்புப் பட்டன்

சிவப்புப் பட்டன் இறங்குவதாக இல்லை.

பேக்கரிக்காரர் காரின் பின்கதவு வழியாகப் பாதி உடம்பை உள்ளே நுழைத்து, இரண்டு கட்டைவிரல்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். மணிக்கட்டில் சுரீர் என்றது. அந்தப் பட்டன் பூட்டிய பட்டைக்குள், குழந்தைச் சீட்டில் உட்கார்ந்திருந்த மூன்று வயது மகள் அவரையே அக்கறையாகப் பார்த்தாள்.

"வலிக்குதாப்பா?"

"இல்லடா குட்டி. பட்டன்தான் மக்கர் பண்ணுது."

மக்கர் பண்ணியது கை. ஒரே மூச்சில் பத்துக் கிலோ மாவு பிசைந்த கைதான். ஆறு மாதமாக மூட்டு வீக்கம். தண்ணீர் பாட்டில் மூடிகூட அவர் பேச்சைக் கேட்பதில்லை. மகளைச் சீட்டிலிருந்து இறக்குவது எப்போதும் மனைவியின் பொறுப்பு. இன்று அவளுக்கு ஆபீசில் மீட்டிங்.

"குட்டியக் கூட்டிட்டுப் பத்தரைக்குக் கிளினிக்குப் போயிடுங்க. ஊசி. பேர் கொடுத்தாச்சு" என்றவள், அவர் கைகளை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "நான் பாத்துக்கறேன். என்ன பெரிய வேலை?" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கிளினிக் வாசலில் இப்போது மணி பத்து இருபது.

டிக்கியில் கடைக்கு வாங்கிய மரக்கரண்டி கிடந்தது. அதன் காம்பைப் பட்டன்மேல் ஊன்றி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அழுத்து. டக்கென்று முறிந்தது காம்பு. சிலாம்பு ஒன்று பட்டன் இடுக்கில் போய்ச் சொருகிக்கொண்டது.

பக்கத்து மருந்துக்கடை அம்மாள் எட்டிப் பார்த்தார். "என்ன சார், குழந்தை மாட்டிக்கிச்சா? இருங்க, சோப்புத் தண்ணி கொண்டு வரேன். ரெண்டு சொட்டு விட்டா வழவழன்னு இறங்கிடும்."

விட்டார். ரெண்டு சொட்டு இல்லை, அரை பாட்டில். சிலாம்பு வெளியே வந்தது, உண்மைதான். ஆனால் பட்டன் மீன் முதுகாகிவிட்டது. விரலை வைத்தால் அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு எங்கேயோ போனது.

அதற்குள் கிளினிக் வாட்ச்மேன் மாடி ஜிம்மிலிருந்து ஒரு பயில்வானையே கூட்டிவந்துவிட்டார். பயில்வானுக்கு வாசற்கதவு அகலத்துக்கு மார்பு. காருக்குள் நுழைவதற்கே இரண்டு தடவை மூச்சை வெளியே விட வேண்டியிருந்தது.

"தள்ளுங்க சார். நூத்தம்பது கிலோ தூக்கற கை இது."

அழுத்தினார். கட்டைவிரல் சோப்பில் சறுக்கி, நகம் பிளாஸ்டிக்கில் மடங்கியது. "அம்மா!" என்று அலறியபடி வெளியே வந்தவர், விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"பேசாம பட்டையை வெட்டிடலாம்" என்றார் வாட்ச்மேன்.

"வெட்டிட்டு? வீட்டுக்கு இவளை எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்றார் பேக்கரிக்காரர்.

பெற்ற பிள்ளையைக் காரிலிருந்து இறக்க ஊரையே கூட்ட வேண்டியிருக்கிறது. மனைவி பார்த்த பார்வை சரிதானோ? மகளின் முகத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. குட்டியின் காது இரண்டும் சிவந்திருந்தன. இரண்டு கைகளாலும் சீட்டின் விளிம்பை இறுகப் பற்றி, பல்லைக் கடித்து, மார்பை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். தோள்மேல் வந்த பட்டைகள் இரண்டும் துணி காயும் கொடி மாதிரி விறைத்து நின்றன.

மருந்துக்கடை அம்மாளும் குனிந்து பார்த்தார். "பட்டையை இந்த இழு இழுத்தா பட்டன் எப்படி சார் இறங்கும்?"

"எவ்ளோ நேரமா இப்படி இருக்கா?" என்றார் பயில்வான்.

"நான் கதவைத் திறந்ததுலேருந்துதான் போல. இருபது நிமிஷம் இருக்கும்" என்றார் பேக்கரிக்காரர்.

"இருபது நிமிஷமாவா? என்கிட்ட பணம் கட்டி வர்றவன் ஒரு நிமிஷம் தாங்க மாட்டான் சார்!" பயில்வான் அடிபட்ட விரலோடு அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

யாரும் சிரிக்கவில்லை. விளிம்பைப் பிடித்திருந்த அந்தக் கைகளில் இன்னும் குழந்தைக் கொழுப்பின் குழிகள்கூட மறையவில்லை. மூன்று பெரியவர்களைத் தனியாளாக நிறுத்திவைத்த கை! தன்னிடமிருந்து போன பலமெல்லாம் எங்கே போயிற்று என்று ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பேக்கரிக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது.

"குட்டி, ஊசிக்குப் பயமா?"

உதடு பிதுங்கியது. தலை ஆடியது.

"எனக்கும் பயம்தான்டா. சத்தியமா."

"நீ பெரியவன்ல?"

"பெரியவங்களுக்கு ஜாஸ்தி பயம். வெளிய சொல்ல மாட்டோம்."

அவள் யோசித்தாள். "நான் போட்டுக்கிட்டா நீயும் போட்டுக்குவியா?"

"போட்டுக்கறேன்." தனக்கு யார் ஊசி போடப்போகிறார்கள் என்ற தைரியத்தில் கூடவே ஒன்றும் சேர்த்துக்கொண்டார்: "அழாம போட்டுக்கறேன்."

அவள் மெல்லப் பின்னால் சாய்ந்தாள். பட்டை தளர்ந்தது. அவர் கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தார்; அதன்மேல் அவள் தன் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்தாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

க்ளிக்.

அவ்வளவுதான். தெருவே கைதட்டியது. பேக்கரிக்காரர் தன் விரலையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

உள்ளே போனதும் குட்டி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, சட்டைக் கையை மடித்து நீட்டினாள். பேக்கரிக்காரர் பெருமையோடு பக்கத்தில் நின்றார்.

ஊசியோடு வந்த நர்ஸ் கையிலிருந்த பேர் எழுதிய சீட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், சிரித்தார்.

"நீ ஏன் கண்ணு கையை நீட்டற? ஊசி உங்கப்பாவோட மூட்டுக்கு. சொன்னா வரமாட்டார்னு உங்கம்மா உன்னைக் காவலுக்கு அனுப்பியிருக்காங்க, ஓடிடாம கெட்டியாப் பிடிச்சுக்கோ!"