ஜன்னலோர மேஜைக்காகப் பல் டாக்டர் விண்ணேகிய படலம்

வாழ்க, கடைவாய்ப்பல் களைந்த கரத்தோன்! வாழ்க, சொத்தைக்குலம் வேரறுத்த சுடரூசி வேந்தன்! அண்ணாந்த வாய்கள் ஆயிரம் கண்டும் அசராத நெஞ்சினன், வாரமெல்லாம் பிறரை நாற்காலியில் சாய்த்துவிட்டு ஞாயிறு பிறந்ததும் தானே ஒரு நாற்காலியில் சாய்ந்து, வீட்டு ஜன்னலோர மேஜையிலிருந்து கணினிவழியே போர்விமானம் செலுத்தி விண்ணாண்ட எங்கள் பல் டாக்டரின் பெரும்புகழைப் பாடப் புகுந்தோம். விண்ணாண்ட என்றது ஒரு மரியாதைக்குச் சொன்னது. உள்ளபடி சொன்னால், மனிதர் ஞாயிறுதோறும் விண்ணிலிருந்து விழுந்துகொண்டிருந்தார்.

மின்கம்பிவழி ஓடிவரும் தாயே, இக்காதை முடியும் மட்டும் நின்றுவிடாதே! கூடத்து மூலையில் பச்சைக்கண் சிமிட்டும் இணையப்பெட்டியே, நடுப்போரில் சிவந்து எம் மானத்தை வாங்காதே! செவிசாய்த்திருக்கும் பெரியோர்களே, "வீட்டுக்குள்ளே உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று உதடு பிதுக்காதீர்கள். பிதுக்குகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது.

இப்பெரும்போர் மூண்டது மண்ணாசையால் அன்று, பொன்னாசையால் அன்று, மேஜையாசையால். காற்றும் வெளிச்சமும் மின்செருகும் துளையும் ஒருங்கே வாய்த்த மேஜை அவ்வீட்டில் அது ஒன்றே ஒன்று. அதன்மேல் டாக்டரின் திரையும் விமானம் ஓட்டும் கைப்பிடிக் குச்சியும் ஏறி அமர்ந்த நாள்முதல், அவர் மனைவியாகிய கணக்கு டீச்சர், கோணல் கோடும் தம் பார்வை பட்டால் நிமிர்ந்துகொள்ளும் கீர்த்தி படைத்தவர், விடைத்தாள் கட்டுகளைச் சாப்பாட்டு மேஜையிலே பரப்பி, தட்டுக்கும் தம்ளருக்கும் இடையே திருத்திவந்தார். ஒருநாள் யாரோ ஒரு மாணவனின் முக்கோணத்தின்மேல் தம்ளரின் ஈரம் வட்டம் போட்டது. அன்று பொறுமை தீர்ந்தது.

அம்மையார் அரசாணை பிறப்பித்தார்: "ஏங்க, வர்ற ஞாயித்துக்கிழமை என் தம்பியை ஒரே ஒரு தடவை ஜெயிச்சுக் காட்டுங்க. மேஜை உங்களுது, அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். தோத்தீங்கன்னா அந்தச் சாமானையெல்லாம் தூக்கிட்டு இடத்தைக் காலி பண்ணுங்க. இன்னொண்ணு, சும்மா சுட்டுட்டா ஆகாது. முழுசாத் திரும்பி வந்து தரையில இறங்கணும். கடைசி வரி எழுதாத கணக்குக்கு நான் முழு மார்க் போட்டதே கிடையாது."

அந்தத் தம்பி யார்? அவன்தான் மாடங்கள் பலவற்றில் ஏறியும் இறங்கியும் தொழில் நடத்தும் லிஃப்ட் மெக்கானிக், கயிறறுந்த கூண்டையும் கண்டு கலங்காதவன், நகரின் மறுகோடியில் தன் வீட்டிலிருந்தபடியே இணையவழி பறந்துவந்து அக்காள் கணவரை வாராவாரம் சுட்டு வீழ்த்தி, உறவுக்கூட்டம் கூடுமிடமெல்லாம் அதைக் கைகால் அசைத்து நடித்துக்காட்டும் மாபாதகன். ஆனாலும் நல்ல பையன். போருக்கு முந்தின நாள் அவனே போன் போட்டுப் பகைவனுக்கே போர்நெறி உபதேசித்தான் என்றால் பாருங்களேன்.

"மாமா, உங்களைச் சுட்டுச் சுட்டு எனக்கே அலுத்துப்போச்சு. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அந்த முள்ளு, மீட்டர் எல்லாத்தையும் விட்டுட்டு என்னையே பாருங்க. நான் எங்க இருக்கேன்னு தெரியலைன்னா உங்க கதை முடிஞ்சுது. முதுகை மட்டும் காட்டிடாதீங்க. குச்சியை வெடுக்குனு இழுக்காதீங்க, வேகம் செத்துரும், விமானம் உதறும், தொப்புனு விழும்."

"இழுக்காம எப்படிடா திரும்புறது?" என்று சீறினார் வேந்தர்.

"மெதுவா இழுங்க. நான் திரும்புறேனேன்னு நீங்களும் பின்னாடியே திரும்பணும்னு என்ன தலையெழுத்து? மேல ஏறிடுங்க. உயரம் கையில இருந்தா வேகம் எப்ப வேணா வரும். ஆங், இறங்குறதுக்கு முன்னாடி சக்கரத்தைக் கீழ இறக்கணும், அது முக்கியம். மறந்தா விமானமே கீ...ன்னு கத்தும்."

"இறங்குற பேச்சு இப்ப எதுக்குடா? நான் என்னைக்கு இறங்கியிருக்கேன்?"

இது சத்தியவாக்கு. புறப்பட்டதென்னவோ ஞாயிறுதோறும் புறப்பட்டிருக்கிறார். திரும்பிவந்த வழக்கம் அந்த வீரருக்கு இல்லை.

ஞாயிறு நண்பகல் வந்தது. பண்டை மன்னர்க்கு யானை, குதிரை, தேர், காலாள் என நாற்படை; எங்கள் மன்னர்க்கோ வலக்கையில் கைப்பிடிக் குச்சி, இடக்கையில் வேகநெம்பு, காலடியில் மிதிபலகை, எதிரே அகலத்திரை. கணினியின் விசிறி போர்முரசெனக் கறகறத்தது. ஆனால் அப்படையில் ஒரு துரோகி இருந்தான். அவன் பெயர் சுழல்நாற்காலி, காலுக்கொரு சக்கரம் உடையவன். சென்ற ஞாயிறன்று, திருப்பத்தின் உச்சத்தில் டாக்டர் ஆவேசமாய் மிதிபலகையை உதைக்க, பலகை அசையாமல் நாற்காலி பின்னோக்கி ஓடி, வேந்தரைக் கொண்டுபோய் பீரோவில் சாத்திவிட்டது. திரையில் விமானம் ஓட்டுபவர் இன்றியே பறந்து மாண்டது. அந்த அவமானம் ஆறுமா? ஆகவே இம்முறை வீட்டிலிருந்த செருப்புகளையெல்லாம் திரட்டி, டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகும் செருப்பைக்கூட விடாமல், நாற்காலிச் சக்கரம் ஒவ்வொன்றின் அடியிலும் முட்டுக்கொடுத்து, குனிந்து பார்த்து, அசைத்துப் பார்த்து, மறுபடியும் குனிந்து பார்த்து, இனி அசையாது என்று உறுதிகொண்ட பின்னரே அரியணை ஏறினார். சக்கர விஷயத்தில் அவ்வளவு கவனமான மனிதரை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது.

எழுந்தது விமானம்! நீலவிண் கிழித்து, வெண்முகில் துளைத்து, பகைவன் வரும் திசை நோக்கிப் பாய்ந்தது! எதிரே புள்ளியாய்த் தோன்றி, கொசுவாய் வளர்ந்து, உறுமிக்கொண்டு பக்கத்தில் கடந்துபோனான் மைத்துனன். இருவரும் திரும்பினர். மைத்துனன் வளைந்தான், டாக்டரும் வளைந்தார். அவன் இன்னும் குறுகி வளைந்தான், டாக்டர் ரோஷம் பொங்கக் குச்சியை இரு கையாலும் பற்றி, பல்லைக் கடித்து, நரம்பு புடைக்கத் தம் தொப்பை வரைக்கும் இழுத்தார். கேட்ட உபதேசமெல்லாம் காற்றோடு போயிற்று. விமானம் வெடவெடத்தது, மூக்கு தொங்கியது, பின்னால் பகைவனின் மூக்கு நீண்டது. முடிந்தது கதை என்று நாமே ஏட்டை மூடப்போனோம்.

அவ்வேளையில், விடைத்தாள் கட்டோடு அறைவாசலைக் கடந்த டீச்சர் நின்றார். மேஜை தம் கைக்கு வரும் நேரம், பேசாமல் போயிருக்கலாம். ஆனால் தப்பாகப் போடப்படும் கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்தப் பிறவிக்கு வராது.

"என்னங்க இது, ஒரு பல்லைப் பிடுங்கணும்னா இப்படியா இழுப்பீங்க? ஆட்டி ஆட்டித்தானே எடுப்பீங்க?"

ஆகா! திறந்தது அறிவுக்கண்! எத்தனை வேர்பிடித்த கடைவாய்ப்பற்களை, நோயாளி அறியாமலே, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் என்று தாலாட்டி எடுத்த விரல்கள் அவை! போர் என்றால் முரட்டுத்தனம் என்று யார் சொன்னார்களோ, இந்த மனுஷனும் இத்தனை ஞாயிறும் நம்பித்தொலைத்தார். பிடி தளர்ந்தது. இரண்டே விரல் குச்சியில் நின்றது. உதறல் அடங்கி, விமானம் பெருமூச்சு விட்டாற்போல் நிமிர்ந்தது. பின்னால் வந்த மைத்துனன் வந்த வேகத்தில் குறிதவறி முன்னால் போய்விட, டாக்டர் அவனைத் துரத்தி வளையாமல் மெல்ல மேலே ஏறினார்.

கீழே மைத்துனன் "எங்க போனீங்க மாமா?" என்று தேடினான். சுற்றிச் சுற்றி வளைந்ததில் அவன் வேகமெல்லாம் கரைந்திருந்தது. டாக்டரோ சூரியனை முதுகில் சுமந்து, விளக்கொளியில் சொத்தையைக் கண்டுகொண்டவரின் நிதானத்தோடு இறங்கினார். தொலைவில் சுடவில்லை. இன்னும் கிட்டே. இன்னும் கொஞ்சம் கிட்டே. மைத்துனன் விமானத்தின் வாலிலுள்ள ஆணி தெரியும் வரைக்கும் பொறுத்திருந்து, ஒரே ஒரு சின்ன அழுத்து. அவ்வளவுதான். இடது சிறகு பிடுங்கிய பல்லாய்க் கழன்று பறந்தது.

"ஐயோ மாமா, சுட்டுட்டீங்களே!" என்று ஒலிபெருக்கியில் அலறினான் அப்பகைவன். அவன் குரலில் இருந்தது சந்தோஷம்தான். "அக்கா, மாமா என்னைச் சுட்டுட்டாரு!"

எழுந்திரு வாகைப்பூவே, இவர் வழுக்கைத்தலையில் வந்தமர்! டாக்டரின் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். இத்தனை நாள் தோற்றவருக்கல்லவா தெரியும் அந்த ருசி. மேஜையை ஒருமுறை தடவிக்கொடுத்தார். டீச்சரும் கட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, "ம்ம், இன்னும் கடைசி வரி இருக்கு" என்று சொன்னாரேயொழிய, உதட்டோரம் சிரிப்பை அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தொலைவில் ஓடுதளம் தெரிந்தது. வேகநெம்பைத் தாழ்த்தினார், மூக்கை நேர்செய்தார், நூல்பிடித்தாற்போல் இறங்கலானார். முதல்முறையாக இறங்குகிறவர் போலவா இருந்தது? அப்போது எழுந்தது ஓர் ஓசை. கீ...யென்ற, செவிதுளைக்கும், இடைவிடாத ஓலம். தெருவிலே போன நாய் திரும்பிப் பார்த்தது. உள்ளேயிருந்து டீச்சர், "ஏங்க, ஏதோ கத்துதே" என்றார். விமானம் கதறியது, திரையில் செவ்விளக்கு சிமிட்டியது, ஒலிபெருக்கியில் மைத்துனன் "மாமா! மா...மா!" என்று தொண்டை கிழிய அலறினான்.

டாக்டர் முகத்திலோ தெய்விக சாந்தம். ஏன் இராது? காதருகே பல்துளைப்பான் கீ...யென்று கூவ, எதிரே ஒருவர் வாய்பிளந்து "ஆ...ஆ" என்று ஓலமிட, அதற்கிடையே கை நடுங்காமல் வேலைபார்த்தே தலை வழுக்கையானவர். அவ்வோசை கேட்டால் அவருக்கு இருப்பதிலேயே நிம்மதியான இடத்துக்கு வந்துவிட்டாற்போல் இருக்கும். இரண்டு விரலால் குச்சியைத் தாங்கியபடி, கதறும் விமானத்துக்குக் கனிவோடு ஆறுதலும் சொன்னார்: "அவ்வளவுதாங்க, முடிஞ்சிருச்சு. வலிக்காது. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

வலித்தது. பூப்போல் தரைதொட்ட அந்த விமானம் தொட்ட இடத்தில் வயிற்றால் தேய்ந்து, தீப்பொறி சிதற ஓடுதளம் நெடுகக் கோலமிழுத்து, புரண்டு, இரண்டாகி, தீயாகி, திரை முழுதும் புகையாகியது. ஒலிபெருக்கியில் மைத்துனன் சிரிப்பை அடக்கமாட்டாமல் விக்குவது மட்டும் கேட்டது.

டீச்சர் வந்து திரையைப் பார்த்தார். குனிந்து நாற்காலிக்கடியில் பார்த்தார். தம் செருப்பை அடையாளம் கண்டுகொண்டார்.

"இந்தச் சக்கரத்துக்கெல்லாம் செருப்பு வெக்கத் தெரிஞ்சுதே, அந்தச் சக்கரத்தை இறக்கத் தெரியலையா?"

வேந்தர் வாய்திறக்கவில்லை. பிறர் வாயையே திறந்து பழகியவர் அல்லவா.

ஆணை ஆணைதான். விடைத்தாள் கட்டு ஜன்னலோரத்தில் முடிசூடியது. ஆயினும் அரசியின் நெஞ்சு கல்லன்று. வீழ்ந்த வேந்தரின் முகவாட்டம் கண்டு, "போகட்டும், நல்லாத்தான் சுட்டீங்க. சாப்பாட்டு மேஜையில ஒரு ஓரமா வெச்சுக்கோங்க" என்று அருள்பாலித்தார். அக்கணமே புத்துயிர் பெற்றது வீரக்குலம்! திரையைத் தோளில் ஏந்தி, குச்சியைக் கக்கத்தில் இடுக்கி, மிதிபலகையைக் கால்விரலால் தள்ளி, நாடிழந்தாலும் நம்பிக்கை இழக்காத அவ்வேந்தர், அடுத்த ஞாயிறு மைத்துனனை வீழ்த்தித் திரும்பிவந்து சக்கரமும் இறக்கிக் காட்டுவேன் என்று நடுக்கூடத்தில் நின்று சூளுரைத்து, தம் படை முழுவதையும் திரட்டிக்கொண்டு, தட்டும் தம்ளரும் விலகி வழிவிட, புதிய தலைநகர் நோக்கிப் பீடுநடை போட்டார்.

சாப்பாட்டு மேஜை வரைக்கும் ஒயர் எட்டலை.