பத்தரை வரைக்கும் உள்ளே வரக் கூடாது

இப்போதெல்லாம் ஜனங்கள் கைப்பேசியில் மணி பார்க்கிறார்களே தவிர, அந்த மணி நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை. ஒன்பதரைக்கு வருகிறோம் என்றால் ஒன்பதரைக்கே வாசலில் வந்து நிற்கிறார்கள். மானங்கெட்ட பழக்கம்.

ஓதவ்ஜி வாசலை மறித்து நின்றார். அக்குளில் குஜராத்திப் பேப்பர். எதிரே மோர்பியிலிருந்து வந்த தாம்ஜிபாயும் குடும்பமும் ராஜ்கோட் வெயிலில். இன்று வெல்லமும் தனியாவும் கொடுத்துப் பேத்தி மித்தலின் சம்பந்தத்தை முடிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண்.

“நகருங்க ஓதவ்ஜிபாய், உள்ள வரோம்.”

“வரக் கூடாது. பேப்பர்ல சோகடியா நேரம் போட்டிருக்கான். பத்தரை வரைக்கும் உத்வேகம். கெட்ட நேரம். இப்ப படி தாண்டினா இதுவும் தட்டிப்போகும்.”

“அதுக்குள்ள இந்த வெயில்ல நான் போய்ச் சேந்துடுவேன்!”

“சாகறதுக்கும் இது நல்ல நேரம் இல்ல.”

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜசுபென் கத்தினாள். “மாப்பிள்ளையும் பொம்பளைங்களும் தண்ணியாவது குடிக்கட்டுமே!”

ஓதவ்ஜி யோசித்தார். கொல்லைப்புறத்துக்கு எந்தப் பேப்பரும் நேரம் குறித்ததில்லை. “பின்பக்கமா போங்க. தண்ணி மட்டும்.”

டிரைவர் ரம்ஜு உட்பட எல்லோரும் போனார்கள். தாம்ஜிபாயை மட்டும் விடவில்லை. பையனைப் பெற்றவர் நுழைந்தால் அது சம்பந்தம் பேச நுழைந்ததாகிவிடும். இருவரும் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பத்தரை அடித்தது. ஓதவ்ஜி எழுந்து கதவை அகலத் திறந்தார். “இப்ப வாங்க சம்பந்தி!”

அவரிடம் விசிறிக்கொள்ள வாங்கிய பேப்பரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த தாம்ஜிபாய் எழவில்லை. “யோவ், இது வியாழக்கிழமைப் பேப்பர்.”

“அதுக்கென்ன?”

“இன்னிக்கு வெள்ளி! வெள்ளிக்கிழமைன்னா ஒன்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும் அமிர்தம். இருக்கறதுலயே நல்ல நேரம். அதைப் பூரா மரத்தடில உக்கார வெச்சிட்டு, இப்ப எமன் நேரத்துல உள்ள கூப்பிடறீரே!”

ஓதவ்ஜி திறந்த கதவைப் படாரென்று சாத்தினார். “அப்ப பன்னிரண்டு வரைக்கும் உக்காருங்க.”

“உக்காரவா? ரம்ஜு! வண்டிய எடுடா! எல்லாரையும் கூப்பிடு. இந்த வீட்ல சம்பந்தம் வேண்டாம்!”

ஓதவ்ஜி கட்டிலுக்கு ஓடினார். வாழ்நாளில் யார் கையையும் பிடித்துக் கெஞ்சாத மனுஷன், தாம்ஜிபாயின் கையைப் பிடித்தார். “தப்பு என்னோடது. பேத்திக்குப் பேரு கெட்டுடும். போகாதீங்க.”

“கைய விடும்!”

ரம்ஜு வாயைத் துடைத்தபடி கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தான். “வண்டிய எதுக்கு சேட்டு எடுக்கணும்? இந்த வீட்டுப் பெரியம்மா இன்னிக்குப் பேப்பரப் பாத்து ஒம்பதே முக்காலுக்கே வெல்லம் தனியா குடுத்துட்டாங்க. கல்யாணத் தேதியும் குறிச்சாச்சு. உங்க ரெண்டு பேருக்கும் சொல்ல நல்ல நேரம் வரட்டும்னுதான் உள்ள காத்துக்கிட்டிருக்காங்க.”

தாம்ஜிபாய் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. ஓதவ்ஜி சிரிக்கவில்லை. இன்றைய பேப்பரில் அமிர்தம் என்று இருந்ததை இவர் தம் கண்ணால் பார்த்தாரா? உள்ளே போய்ப் பார்க்கலாமென்றால் பன்னிரண்டு வரைக்கும் படி தாண்டக் கூடாது. செருப்பை மாட்டிக்கொண்டு பேப்பர் கடைப் பக்கம் நடந்தார்.