மாத்தளையில் தோண்டிய பாக்கு நீரிணை

கடலையே பார்க்காதவன் கடலைப் பற்றிப் பாடம் நடத்தக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பெரிய மனிதரை இடுப்புவரை நனைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். மாத்தளை டவுனுக்கு வெளியே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் வாத்தியார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கல்வி இலாகாவிலிருந்து வித்தியாதிகாரி வந்து பாடத்தைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை எழுதினால்தான் ஆகும். அவரை அசத்துவதற்காக, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பாக்கு நீரிணையையே உண்டாக்கத் தீர்மானித்தேன். (ஒரு படம் வரைந்து சுவரில் மாட்டியிருக்கலாம். அப்படி அடக்கமாக யோசிக்கிற வயசா அது!)

பிள்ளைகளோடு மண்வெட்டி பிடித்தேன். இந்தப் பக்கம் இலங்கை, அந்தப் பக்கம் இந்தியா, நடுவில் மணல் திட்டுகளாக இராமர் அணை. நிஜத்தில் அது ஆழமில்லாத கடல். பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகும். சின்னக் கப்பல்களுக்கு மட்டும் ஒடுக்கமான வழி உண்டு. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அதில் விடப்போகும் என் தகரக் கப்பல் அதிகாரி முன்னால் தரை தட்டிவிட்டால் மானம் போகுமே என்று அந்த வழியைத் தோண்டினேன், தோண்டினேன், தோண்டிக்கொண்டே இருந்தேன். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரைத் திருப்பிவிட்டதும் செம்மண் கலங்கி, அடி தெரியாத கடல் தயார்.

வித்தியாதிகாரி வந்தார். வெள்ளைக் கோட், வெள்ளைக் காற்சட்டை, பளபளக்கும் சப்பாத்து. பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது.

"பிள்ளைகளே, இந்தக் கடல்ல பெரிய கப்பல் ஏன் போறதில்ல?"

"ஆழமில்லீங்க சேர்!" என்று வகுப்பே கத்தியது. நான் பூரித்துப்போனேன்.

"ரொம்பச் சரி!" என்றவர், இந்தியாவைக் கிட்டப் போய்ப் பார்க்கும் ஆசையில் இராமர் அணைமேல் கால் வைத்தார். மணல் கரைந்தது. மனிதர் வழுக்கிக்கொண்டு கப்பல் வழிக்குள் இறங்கினார். இடுப்புவரை தண்ணீர்.

அப்போதாவது நான் கை கொடுத்திருக்கலாம். ஆனால் வாயில் பாடம் மட்டும்தான் வந்தது. "ஐயா, வடக்கால போயிராதீங்க! அங்க இன்னும் ஆழமுங்க!"

பின்வரிசையில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. பிறகு பள்ளிக்கூடமே சிரித்தது. பெரிய வாத்தியார் ஓடிவந்து அவரைத் தூக்கி எடுத்தார்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது, அதிகாரி பெரிய வாத்தியாரின் சாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தம்பி, உங்களுக்கு என்மேல ஏதும் கோபமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க ஐயா... நீங்க நல்லபடியா எழுதணும்னுதான்..." அந்த அறையிலேயே ஒரு குழி தோண்டி இறங்கிவிடலாம் போலிருந்தது. (தோண்டுவது மட்டும் எனக்கு நன்றாக வரும்.)

வேலை நிரந்தரமாகவில்லை, லக்கல பக்கம் மாற்றல்தான் வந்தது. பஸ்ஸைவிட யானை அடிக்கடி வரும் ஊர். சில வருஷம் கழித்துக் கலேவெலயில் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா முதலில் கேட்டதே, "ஒரு அதிகாரியத் தண்ணியில தள்ளின வாத்தியார் நீங்கதானாமே?" என்றுதான். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்க அடக்கப் பெருகியது.

அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் புதிதாக யார் வந்தாலும், தேத்தண்ணி ஆறுவதற்குள் அவள் ஆரம்பித்துவிடுவாள்: "எங்க வீட்டுக்காரரு கடல்ல ஒரு அதிகாரிய முக்கினவருங்க."

"அப்படியா! எந்தக் கடல்லங்க?"

"மாத்தளைக் கடல்ல."