பதினோரு முறை எரிந்த விளக்கு

டங்!

மூன்றாம் மாடியில் வெண்கலத் தட்டு அதிர்ந்தது. அடுத்த நொடி நாற்பது பேரின் "ஆஆஆ!" படிக்கட்டு வழியாக உருண்டு என் கடைக்குள் விழுந்தது. அர்த்தம் இதுதான்: இன்னொருவருக்குக் காது திறந்துவிட்டது. இன்னொரு பெட்டி விற்றுப்போனது.

மின்சாதனக் கடைகள் நிறைந்த அகிஹபாராவில் எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் நான் வயர் விற்கிறேன். மேலே காது திறக்கிறவர் ஹிவாதாரி சென்செய். இங்கே வைத்தியரையும் வாத்தியாரையும்தான் சென்செய் என்பார்கள். இவர் இரண்டும் இல்லை. அதனால் ஜனங்கள் இரண்டு மடங்கு குனிந்து வணங்கினார்கள்.

வரிசை தெருமுனை ராமென் நூடுல்ஸ் கடை வரை நீண்டது. ராமென் சாப்பிட வந்தவர்கள் தவறி இந்த வரிசையில் நின்று, ஆம்ப்ளிஃபயர் வாங்கிக்கொண்டு பசியோடு வீடு திரும்பியதும் உண்டு.

சென்செயின் உபதேசம் எளியது. கம்ப்யூட்டரிலிருந்து வருவது அழுக்குச் சத்தம். அதில் நேராக ஹெட்ஃபோனைச் செருகுவது சாக்கடைத் தண்ணீரில் தேநீர் போடுவதற்குச் சமம். நடுவில் 'வெண்பனி' என்கிற ஆம்ப்ளிஃபயர் இருந்தே தீர வேண்டும். நாலு லட்சம் யென். எட்டுக் கிலோ கனம். அதன் மின் வயர் பௌர்ணமி நிலவில் காய்ந்ததாம். அந்த வயரை முந்நூறு யென்னுக்கு அவருக்கு விற்றவன் நான். என் கடையில் ஜன்னலே கிடையாது.

யாராவது இடப்பக்கம் நின்று பேசினால் சென்செய் கையை உயர்த்துவார். "வலது காதுல சொல்லுங்க. இடது காது இசைக்கு மட்டும். அதுல பேச்சு விழ விடறதே இல்ல." கூட்டத்துக்குப் புல்லரித்துப் போகும்.

அன்று மாலை வயர்க்கட்டோடு நான் மேலே போனபோது, நாற்காலியில் நுகாதா-சான் உட்கார்ந்திருந்தார். 'சான்' இங்கே மரியாதைக்குச் சேர்ப்பது. தபால் நிலையத்தில் ஓய்வு பெற்றவர். தலையில் ஹெட்ஃபோன், மடியில் லேப்டாப். சென்செய் அந்த லேப்டாப்பின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"பாவம், மூச்சுத் திணறுது," என்றார். பிறகு லேப்டாப்புக்கும் வெண்பனிக்கும் நடுவிலிருந்த சுவிட்சைத் தட்டினார். "இது பச்சைச் சத்தம்." மறுபடி தட்டினார். "இது வெண்பனி."

நுகாதா-சானின் கண் கலங்கியது. "வயலின்காரி மூச்சு விடறது கேக்குது!"

"எனக்கும் கேட்டுச்சு!" என்றார் பின்னால் நின்ற தொப்பிக்காரர். ஹெட்ஃபோன் நுகாதா-சான் தலையில் இருந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

டங்!

நுகாதா-சான் ஏற்கெனவே பெப்பு ஊர் வெந்நீர் ஊற்று விடுதிக்கு போன் செய்து, அறை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். முப்பதாவது திருமண நாளுக்கு மனைவிக்கு வாக்குக் கொடுத்த பயணம் அது. அந்தப் பணம்தான் வெண்பனியாக வேண்டும். ஆனால் அறை மனைவி பேரில் இருந்தது. "அவங்க சரின்னு சொன்னாதான் ரத்து. அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க," என்றிருந்தது விடுதி. கூடவே அவளுக்கும் ஒரு போன் போட்டுவிட்டது.

நாலரைக்குக் கதவு படாரென்று திறந்தது. வெள்ளைக் கோட்டு, கையில் கனத்த பை. மியெகோ-சான். பக்கத்துக் கிளினிக்கில் செவித்திறன் சோதிப்பவர்.

"ஏங்க, பெப்பு போகலியாமே? விடுதிக்காரன் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"மியெகோ, வெந்நீர் ஆறிடும். ஒலி நிலைக்கும்."

"குப்பையைக் கொட்டிட்டு வாங்கன்னு முப்பது வருஷமா கத்தறேன், கேக்கல. வயலின்காரி மூச்சு மட்டும் கேக்குதா?"

கூட்டம் சிரிப்பு வெடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டது.

"லேப்டாப்புல சத்தம் எவ்வளவுல வச்சிருக்கீங்க?"

"பாதியில."

"அதுலயே காது நிறையுதா?"

"நிறையுது."

"அப்புறம் எதுக்கு இது? சில பெரிய ஸ்டூடியோ ஹெட்ஃபோனுக்கு முழுசா ஏத்தினாலும் சத்தம் பத்தாது. அதுக்கு ஆம்ப்ளிஃபயர் வேணும். சாதாரணப் பெட்டியே போதும். உங்களோடது அந்த ரகமே இல்ல."

சென்செய் புன்னகைத்தார். "அம்மா, அவசரப்படாதீங்க. இருநூறு மணி நேரம் ஓடினாத்தான் வெண்பனி கண் விழிக்கும்."

"பிடிக்கலேன்னா?"

"ஏழு நாளுக்குள்ள திருப்பித் தரலாம்."

"ஏழு நாள்னா நூத்தி அறுபத்தெட்டு மணி நேரந்தான். அது விழிக்கறதுக்குள்ள கெடு முடிஞ்சிடுமா?"

அவளே ஹெட்ஃபோனை மாட்டி, சுவிட்சை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். "வெண்பனிப் பக்கம் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. அவ்வளவுதான் சங்கதி." சுவிட்சைப் பச்சைச் சத்தத்தில் வைத்து, லேப்டாப்பில் சத்தத்தை இரண்டு புள்ளி ஏற்றினாள். கணவர் தலையில் மாட்டினாள்.

நுகாதா-சான் விழித்தார். "பச்சையிலயும் மூச்சு விடறாளே!"

"விடலேன்னா செத்துல்ல போயிருப்பா?"

"பழகாத காது!" சென்செய் சீறினார். "என் காதை ஏமாத்த முடியாது!"

"அப்ப உக்காருங்க, சென்செய்."

நாற்பது பேர் பார்க்கிறார்கள். நுகாதா-சான் எழுந்து இடம் விட, சென்செய் உட்கார்ந்தார். மியெகோ-சான் ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டினாள். பையிலிருந்து சோதனைக் கருவியை எடுத்து, அதன் பொத்தானை அவர் கையில் கொடுத்தாள். பெட்டியையும் சுவிட்சையும் பெரிய கைக்குட்டையால் மூடி, உள்ளே கை விட்டுக்கொண்டாள்.

"சத்தம் வெண்பனிக்கு மாறினதும் அமுக்குங்க. கருவியில விளக்கு எரியும்."

சென்செய் கண்ணை மூடினார். முகத்தில் ஞானம் வழிந்தது. விளக்கு எரிந்தது. "ஆஆஆ!" மறுபடி எரிந்தது. "ஆஆஆ!" பத்து நிமிடத்தில் பதினோரு முறை. தட்டு அடிக்கிறவர் உணர்ச்சி தாங்காமல் ஒரு முறை அடித்தே விட்டார்.

மியெகோ-சான் கைக்குட்டையை எடுத்தாள். சுவிட்ச் பச்சைச் சத்தத்தில் இருந்தது. வைத்த இடத்திலிருந்து அசையவே இல்லை. பிறகு கோட்டுப் பையிலிருந்து சுருட்டிய வயரை எடுத்தாள். பௌர்ணமி வயர். நான் விற்ற வயர்.

"நீங்க உக்காரும்போதே கழட்டிட்டேன். பெட்டியில கரண்டே இல்ல."

ஈ பறந்தால் கேட்டிருக்கும், ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருக்காது. என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்குரூ டிரைவர் உண்டு. பெட்டியைத் திறந்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் பலகை. அதற்குப் பக்கத்தில், எட்டுக் கிலோவுக்குக் காரணமாக, இரண்டு உருண்டைக் கற்கள்.

"எங்க வீட்டு ஊறுகாய்ச் சாடி மேல வைக்கிற கல்லு மாதிரியே இருக்கே!" என்றாள் ஒரு பெண்மணி.

"எனக்கு முதல்லயே சந்தேகந்தான்," என்றார் தொப்பிக்காரர்.

ஏமாறக் கூட்டமாக வந்தார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கவும் அழகாக வரிசையில் நின்றார்கள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நுகாதா-சான் விடுதிக்கு போன் செய்து, "வர்றோம், ரெண்டு பேரும் வர்றோம்," என்று யாருமில்லாத சுவரைப் பார்த்துக் குனிந்தார்.

மியெகோ-சான் பையை மூடும்போது சென்செய் மெல்லப் பக்கத்தில் வந்தார். வலது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மா... இடது காது எட்டு வருஷமா சுத்தமா கேக்கல. உங்க கிளினிக்குல பார்ப்பீங்களா?"

அவருக்கு மட்டும் கேட்கும்படி அவள் பதில் சொல்லவில்லை. வரிசையின் கடைசி ஆளுக்கும் எட்டும்படி சொன்னாள்:

"வியாழக்கிழமை வாங்க, சென்செய். ஆனா நெஜமாவே கேட்டா மட்டும் பொத்தானை அமுக்குங்க. பக்கத்து ஆளு 'ஆஆஆ'ன்னாருன்னு அமுக்காதீங்க."